மூன்றாம் நாளே பாடம் நடத்து: ஹ்மோங் கற்கும் இளம் மிஷனரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். எங்கள் அடுக்ககத்தில் ஹ்மோங் குடும்பங்கள் அதிகம். ஒரு சனிக்கிழமை காலை வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை சகிதம் இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் என் கதவைத் தட்டி, எனக்கு ஒரு எழுத்தும் விளங்காத மொழியில் வணக்கம் சொன்னார்கள். கதவைத் திறந்தது ஒரு தமிழன் என்று கண்டதும் அவர்கள் விழித்த விழி இன்னும் நினைவில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டியைத் தேடி வந்தவர்கள், எண் மாறி என் வீட்டைத் தட்டிவிட்டார்கள். அவர்களில் நெடியவன் அடுத்த சில மாதங்களில் அவ்வப்போது எட்டிப்பார்த்தான். மதம் பேசியது குறைவு, மொழி பேசியது அதிகம். நான் மதம் மாறவில்லை. அவனும் அதற்காக முகம் சுளிக்கவில்லை.

ஊருக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் விடாமல் கேட்ட கேள்விகளைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன்.

ஹ்மோங் மக்கள் யார்? அவர்கள் எப்படி அமெரிக்கா வந்தார்கள்?

தெற்குச் சீனாவின் மலைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் ஒரு பகுதியினர் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளுக்கு இறங்கினார்கள். வியட்நாம் போர்க் காலத்தில், லாவோஸில் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. வெளியில் சொல்லாமல் ஒரு போர் நடத்தியது. அதில் தளபதி வாங் பாவ் தலைமையில் ஆயிரக்கணக்கான ஹ்மோங் ஆண்களும் சிறுவர்களும் சண்டையிட்டார்கள். 1975 மே மாதம் லோங் தியெங் என்ற மலைத்தளத்திலிருந்து வாங் பாவ் விமானத்தில் வெளியேற்றப்பட்டார். பின்னால் விடப்பட்ட குடும்பங்கள் காட்டுவழியாக நடந்து, இரவில் மேகோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடின. மூங்கில் கட்டிக்கொண்டு நீந்தியவர்களில் கரை சேராதவர்கள் ஏராளம். பான் வினாய் போன்ற அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று சிதறினார்கள். கடைசிப் பெரிய அலை 2004இல் தாய்லாந்தின் வாட் தாம் கிராபோக் என்ற இடத்திலிருந்து வந்தது. சுமார் 15,000 பேர். இன்று அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஹ்மோங் மக்கள் வாழ்கிறார்கள். செயின்ட் பால், ஃபிரெஸ்னோ, சாக்ரமென்டோ, மில்வாக்கி ஆகியவை அவர்கள் செறிந்து வாழும் ஊர்கள்.

அந்தப் பையன்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவர்கள்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஊரார் மார்மன் என்பார்கள். சபை இப்போது அந்தப் பெயரை விரும்புவதில்லை. 1830இல் அமெரிக்காவிலேயே பிறந்த சபை இது, தலைமையகம் யூட்டா மாநிலத்தில். பள்ளி முடித்த ஆண்கள் இரண்டு ஆண்டும், பெண்கள் பதினெட்டு மாதமும் ஊழியத்துக்குப் போகிறார்கள். 2012இல் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19 ஆகவும் இறக்கினார்கள். அதன் பிறகு மீசை சரியாக முளைக்காத பையன்கள் பெட்டியோடு கிளம்புவது சாதாரணக் காட்சியாகிவிட்டது.

ஆண் மிஷனரி ஒவ்வொருவருக்கும் பட்டம் 'எல்டர்', அதாவது மூப்பர். ஹ்மோங் மொழியில் அதை மொழிபெயர்க்கும்போது முதுமையைக் குறிக்கும் சொல்லே வந்து உட்கார்ந்துகொள்கிறது. போரைக் கண்ட எண்பது வயதுக்காரரிடம் பத்தொன்பது வயதுப் பையன் தன்னை 'மூப்பர்' என்று அறிமுகம் செய்துகொள்ளும் காட்சியை எண்ணிப்பாருங்கள். கிழவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார்கள் என்று நெடியவனே சொன்னான்.

ஹ்மோங் மொழியை அவன் ஏன் தேர்ந்தெடுத்தான்?

அவன் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. விண்ணப்பம் போட்டால், எந்த ஊர், எந்த மொழி என்று சபைத் தலைமையிடமிருந்து அழைப்பு வரும். அதைப் பிரிக்கும் நாள் அந்தக் குடும்பங்களில் நிச்சயதார்த்தம் மாதிரி. பாட்டி தாத்தா எல்லாரும் கூடியிருப்பார்கள். பிரேசிலோ ஜப்பானோ வரும் என்று கனவு கண்டவனுக்கு, சொந்த நாட்டிலேயே இருக்கும் மினசோட்டாவின் பெயரும், அதன் கீழே இதுவரை கேள்விப்பட்டிராத ஒரு மொழியின் பெயரும் வந்தால் எப்படி இருக்கும்? கைதட்டலுக்கு முன் அறையில் ஒரு கணம் மௌனம் இருந்ததாம். பிறகு ஆளாளுக்கு செல்பேசியில் 'ஹ்மோங்' என்றால் என்ன என்று தேட ஆரம்பித்தார்களாம்.

லாவோஸுக்கே அனுப்பலாமே என்று கேட்பீர்கள். வெளிநாட்டவரின் மதப் பிரச்சாரத்துக்கு வாசலைத் திறந்துவைத்திருக்கும் நாடல்ல அது. ஆகவே மலைநாட்டு மொழியைக் கற்றுக்கொண்டு அமெரிக்க நகரத்து அடுக்ககங்களில் படியேறுகிறார்கள்.

பயிற்சி எங்கே, எத்தனை நாள்?

யூட்டாவில் ப்ரோவோ நகரத்தில் உள்ள மிஷனரி பயிற்சி மையத்தில். அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. கடினமான மொழிகளுக்கு ஏறத்தாழ ஒன்பது வாரம் ஒதுக்குகிறார்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு தொடக்கப் பகுதியை வீட்டிலிருந்தபடி இணையவழியில் முடித்துவிட்டு வரும் வழக்கமும் வந்திருக்கிறது.

காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கணைக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் வகுப்பு, படிப்பு, மறுபடி வகுப்பு. கூட வரும் துணையாள் இல்லாமல் தனியே எங்கும் போகக் கூடாது. இரட்டை மாட்டு வண்டிதான். ஸ்பானிய மொழி கற்பவர்கள் உணவுக்கூடத்தில் மேசை மேசையாக நிறைந்திருக்க, ஹ்மோங் வகுப்பு ஒரே மேசையில் அடங்கிவிடும். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஊழியம் முடித்துத் திரும்பி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள். ஆசிரியருக்கும் மாணவனுக்கும் மூன்று நான்கு வயதுதான் வித்தியாசம் இருக்கும்.

முதல் வாரம் எப்படி இருக்கும்?

நீந்தத் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். ப்ரோவோவிலும் அதே முறைதான், தண்ணீர் மட்டும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் ஆசிரியர் ஹ்மோங் மொழியிலேயே பேசத் தொடங்குவார். ஆங்கிலம் கிடையாது. கையைக் காட்டி, பொருளைத் தொட்டு, படம் வரைந்து புரியவைப்பார். இரண்டாம் அல்லது மூன்றாம் நாள், புதிதாகச் சபையைப் பற்றி அறிய வந்தவர் போல நடிக்கும் ஒருவரிடம் ஹ்மோங் மொழியிலேயே முதல் பாடத்தை நடத்த வேண்டும். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், அதில் எழுதிவைத்த பத்து வாக்கியம். அவர் எதிர்க்கேள்வி ஒன்று கேட்டால் போச்சு. நெடியவனிடம் 'உனக்கு எத்தனை அண்ணன் தம்பி?' என்று சாதாரணமாகத்தான் கேட்டாராம். இவன் மனப்பாடம் செய்திருந்த அடுத்த வாக்கியத்தை, 'கடவுள் நம்மை நேசிக்கிறார்' என்பதை, பதிலாகச் சொல்லியிருக்கிறான்.

இந்த முறையில் ஒரு கோணல் உண்டு. மதச் சொற்கள் முதலில் வருகின்றன, வாழ்க்கைச் சொற்கள் பின்னால் வருகின்றன. மூன்றே வாரத்தில் மனந்திரும்புதல், மீட்பு, ஞானஸ்நானம் பற்றித் தடுமாறியாவது பேசிவிடுகிறார்கள். உப்பை எடுத்துத் தரச் சொல்லவோ, வயிறு சரியில்லை என்று சொல்லவோ வார்த்தை இருக்காது. ஆனாலும் இதைக் குறை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் பள்ளியில் பத்தாண்டு இந்தி படிக்காமலேயே தவிர்த்தவன், கல்லூரியில் இரண்டாண்டு பிரெஞ்சு இலக்கணம் படித்தவன். இன்றுவரை பிரெஞ்சில் ஒரு காப்பி கேட்டதில்லை. தப்பாகப் பேசிப் பழகியவன் என்னைவிட எவ்வளவோ மேல்.

மொழி அவ்வளவு கடினமா?

இலக்கணம் எளிது. வினைச்சொல் மாறாது. நான் போ, நீ போ, அவர் போ, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். காலம் காட்ட முன்னாலோ பின்னாலோ ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் போதும். தமிழில் நாம் விகுதிகளை ஒட்டிக்கொண்டே போவோம், அவர்கள் சொற்களை அடுக்கிக்கொண்டே போவார்கள்.

எண்ணும்போது மட்டும் ஒரு சிக்கல். நாம் நான்கு பேர் என்கிறோம், நான்கு கட்டுக் கீரை என்கிறோம் அல்லவா, அப்படி எல்லாப் பொருளுக்கும் ஒரு அளவைச் சொல் வேண்டும். வீட்டுக்கு 'லு', புத்தகத்துக்கு 'பௌ', கத்தி முதலான கருவிகளுக்கு 'டா'. மனிதனுக்கும் நீளமான பொருளுக்கும் 'து'.

உண்மையான மலை தொனிதான். ஒரே அசையைக் குரலை ஏற்றியும் இறக்கியும் மூச்சு கலந்தும் தொண்டையை அடைத்தும் சொன்னால் வேறு வேறு பொருள். 'போ' என்ற அசையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமாக நேராகச் சொன்னால் உருண்டை. உயரத்திலிருந்து விழுந்தால் பெண். நடுவில் நின்றால் மண்ணீரல். ஏறினால் எறிதல். தாழ்வாக நின்றால் முள். மூச்சோடு கரகரத்து இறங்கினால் அப்பாவைப் பெற்ற பாட்டி. தாழ்ந்து தொண்டையில் வெட்டி நின்றால் பார்த்தல். ஏழு ஆயிற்று. சில சொற்களில் மட்டும் தலைகாட்டும் எட்டாவது ஒன்றும் உண்டு.

இசை தெரிந்தவர்களுக்கு எளிதோ என்றால், ஓரளவுக்குத்தான். தொனி, பாட்டின் சுருதி போல நிலையான உயரம் அல்ல. பேசுபவர் குரலுக்குள் ஒப்பிட்டு உணரும் உயரம். அதோடு மூச்சும் அடைப்பும் வேறு. ஆங்கிலம் பேசுபவனுக்கு இன்னொரு தொல்லை: கேள்வி கேட்கும்போது அவன் குரல் கடைசியில் தானாக மேலே போகும். போனால் கடைசிச் சொல்லின் பொருள் மாறிவிடும். கேள்வியை முகத்தில் காட்டு, குரலில் காட்டாதே என்று ஆசிரியர் தினமும் சொல்வாராம்.

ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்களாமே? அப்படியானால் படிப்பது எளிதுதானே?

அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஹ்மோங் என்ற பெயரை அவர்கள் எழுதுவது எச், எம், ஓ, ஓ, பி (Hmoob). ஆங்கிலம் தெரிந்தவன் 'ஹ்மூப்' என்று படிப்பான். உயிரெழுத்து இரட்டித்தால் மூக்கொலி, அதாவது கடைசியில் 'ங்'. சொல்லின் கடைசியில் நிற்கும் மெய்யெழுத்து உச்சரிப்பதற்கு அல்ல, தொனியைக் காட்டுவதற்கு. பி வந்தால் உயரம், ஜே வந்தால் உயரத்திலிருந்து வீழ்ச்சி, வி என்றால் ஏற்றம், எஸ் என்றால் தாழ்வு, ஜி என்றால் மூச்சு கலந்த இறக்கம், எம் என்றால் தொண்டை அடைப்பு, ஒன்றுமே இல்லை என்றால் நடு. அதனால் எந்தச் சொல்லும் உண்மையில் உயிரொலியிலோ 'ங்'இலோதான் முடிகிறது.

முன்பக்கமும் சுலபம் இல்லை. மோதிரம் என்ற சொல்லுக்கு எழுத்துகள் என், பி, எல், எச், ஏ, ஐ, பி (nplhaib). ஏழு எழுத்து, ஒரே அசை. 'எக்ஸ்' எழுதினால் ஸ ஒலி, 'எஸ்' எழுதினால் ஷ ஒலி.

இந்த எழுத்துமுறையை யார் உண்டாக்கினார்கள்?

இதுவும் மிஷனரிகளின் வேலைதான், ஆனால் இந்தச் சபையினர் அல்லர். 1951 முதல் 1953 வரை லாவோஸில் மூன்று பேர் சேர்ந்து வகுத்தார்கள்: புராட்டஸ்டன்ட் மிஷனரிகளான வில்லியம் ஸ்மாலி, லின்வுட் பார்னி, பிரான்சைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஈவ் பெர்த்ரே. கூடவே ஹ்மோங் துணைவர்கள். அந்தக் காலத்தில் இரண்டு பிரிவாரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததே பெரிய செய்தி. சாதாரணத் தட்டச்சுப் பொறியில் அடிக்கக்கூடிய எழுத்தாக இருக்க வேண்டும், தலைக்கு மேலே குறி எதுவும் வரக்கூடாது என்று பார்த்தார்கள். கடைசி மெய்யைத் தொனிக் குறியாக்கியது அப்படி வந்த யோசனை. இன்று செல்பேசியில் ஹ்மோங் இளைஞர்கள் தனி விசைப்பலகை இல்லாமல் தட்டுவதற்கு அந்த முடிவே காரணம்.

மிஷனரிகள் கைபடாத எழுத்தும் ஒன்று உண்டு. 1959இல் ஷோங் லு யாங் என்ற விவசாயி, எழுதப் படிக்கத் தெரியாதவர், வானத்திலிருந்து வெளிப்பட்டதாகச் சொல்லி 'பஹௌ' என்ற முழு எழுத்துமுறையையே படைத்தார். அவரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது, இரு தரப்புப் படைகளுக்கும் சந்தேகம் வந்தது. 1971இல் கொலை செய்யப்பட்டார். உலக எழுத்து வரலாற்றில் இப்படி ஒரு ஆள் அபூர்வம். ஆனால் பயிற்சி மையத்தில் கற்பது முதலில் சொன்ன எழுத்தைத்தான்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஹ்மோங் உச்சரிப்பு கைகொடுக்குமா?

சில இடங்களில் நாம் அந்தப் பையன்களைவிட முன்னால் நிற்கிறோம். 'ஆர்' என்று எழுதுவதை அவர்கள் ஒலிப்பது ஏறக்குறைய நம் வல்லின 'ட்ட' போல, நாக்கை மடித்து. இதற்காக நெடியவன் மூன்று வாரம் கண்ணாடி முன் நின்றானாம். நான் முதல் தடவையே சொல்லிக் காட்டியபோது கொஞ்சம் வருத்தமாகப் பார்த்தான். 'ஞ', 'ங' நமக்குக் குழந்தைப் பருவத்திலேயே வந்தவை. வணக்கம் சொல்லும் 'ஞோ ஜோங்' தமிழ் வாய்க்குத் தடையில்லை.

மூச்சு கலந்த ஒலியில் நாம் விழுகிறோம். மூச்சில்லாத 'ப' வேறு சொல், மூச்சோடு வரும் 'ப' வேறு சொல். தமிழில் அந்த வேறுபாடே கிடையாது. ஆங்கிலேயனுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். சொல்லின் தொடக்கத்தில் 'ப' வந்தாலே அவனுக்கு மூச்சும் சேர்ந்து வந்துவிடும். பயிற்சியில் உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது ஆடாமல் 'போ' சொல்லப் பழகுவார்கள். ஹ்மோங் என்ற பெயரின் முதல் ஒலி இரு தரப்புக்கும் பொதுவான சோதனை: வாயை மூடி மூக்கால் மூச்சை விட்டபடியே 'ம'வுக்குள் நுழைய வேண்டும்.

சிரிக்க வைத்த தவறுகள்?

நிறைய. குடிக்கத் தண்ணீர் கேட்கப்போய் நாய் கேட்பது முதல் வாரத்து விபத்து. இரண்டும் 'தே', தொனி மட்டும் வேறு. பாட்டியை 'முள்ளே' என்று கூப்பிடுவது இன்னொன்று.

ஆனால் 'துஆ'வைப் போல ஆபத்தான சொல் வேறில்லை. உயரத்திலிருந்து விழும் தொனியில் சொன்னால் வருதல். மூச்சு கலந்து இறங்கினால் சாதல். நடுத்தொனியில் நின்றால் கொல்லுதல். கதவு திறந்ததும் முதல் வாக்கியமே 'நாங்கள் வந்திருக்கிறோம்' என்பதுதான். பதற்றத்தில் குரல் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? செத்துப்போன இரண்டு பேர் டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பதை ஹ்மோங் பாட்டிகள் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

மொழியில் அவனுக்கு மிகவும் பிடித்தது எது?

ஈரல். நாம் மனசு, நெஞ்சு என்று சொல்லும் இடத்திலெல்லாம் அவர்கள் ஈரலைச் சொல்கிறார்கள். அதற்குப் பெயர் 'ஷியா'. மகிழ்ச்சி என்றால் நல்ல ஈரல். கவலை என்றால் கடினமான ஈரல். பொறுமைக்கு நீண்ட ஈரல், முன்கோபத்துக்குக் குட்டை ஈரல். அவன் இதை ஏதோ உலக அதிசயம் போல என்னிடம் சொன்னான். ஈரக்குலை நடுங்கியது என்று எங்கள் ஊரிலும் சொல்வோம் என்றேன். குறிப்பேட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டான்.

இதில் நடைமுறைப் பயனும் இருக்கிறது. 'உங்கள் இதயத்தில் உணருங்கள்' என்று ஆங்கிலத்தில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கேட்பவருக்கு நெஞ்சுவலி பற்றிய பேச்சு போலப் படும். ஈரலுக்கு மாறினால்தான் விஷயம் உள்ளே இறங்கும்.

பயிற்சி முடிந்து ஊருக்குள் வந்த முதல் நாட்கள்?

மையத்தில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள், தெளிவாகப் பேசினார்கள், ஒரே வட்டார வழக்கில் பேசினார்கள். வெளியே வந்தால் ஒரு வீட்டில் வெள்ளை ஹ்மோங், அடுத்த வீட்டில் பச்சை ஹ்மோங். பெயர்கள் பெண்களின் பாரம்பரிய உடையை வைத்து வந்தவை என்பது பரவலான விளக்கம். இரண்டாவது வழக்கில் மக்களின் பெயரே 'மோங்', மூக்குமூச்சு கிடையாது. உயிரொலிகள் சில மாறும். நெல்லைத் தமிழ் மட்டும் கற்றவன் யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியது மாதிரி.

அதைவிட அவனை உலுக்கியது வேறு. கதவைத் திறக்கும் பேரன் பேத்திகள் சுத்தமான அமெரிக்க ஆங்கிலத்தில் 'என்ன வேண்டும்?' என்கிறார்கள். அவர்களுக்கு ஹ்மோங் புரியும், பேச வராது. உள்ளே பாட்டி தொலைக்காட்சி முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். எங்கள் எதிர்வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஐடஹோவில் உருளைக்கிழங்கு வயல் நடுவே வளர்ந்த பையன் தட்டுத்தடுமாறி ஹ்மோங் பேசுகிறான், பாட்டி தொனி தொனியாகத் திருத்துகிறார், சோபாவில் இருக்கும் சொந்தப் பேரன் காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு செல்பேசியில் விளையாடுகிறான். பாட்டி சபைக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தோறும் அவர்களுக்காகச் சோறு வடித்துவைத்தார்.

பாட்டி 'போகலாம், பார்க்கலாம்' என்று சொன்னதை நம்பி முதல் ஞாயிறுகளில் இருவரும் சபை வாசலில் காத்திருந்தார்களாம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது ஹ்மோங் பெரியவர்கள் வழக்கமில்லை. 'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள் என்று தமிழனிடம் கேட்டிருந்தால் நான் முதலிலேயே சொல்லியிருப்பேன்.

பெரியவர்களை எப்படி அழைப்பார்கள்?

பெயர் சொல்லி அல்ல, முறை சொல்லி. அப்பாவின் அண்ணனுக்கு 'த்ஸி ஹ்லோ'. சொல்லுக்குச் சொல் அப்பா-பெரிய, நம் பெரியப்பாவேதான். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு ஒரு சொல், அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு வேறு சொல். அப்பத்தா, அம்மாச்சி வேறுபாடு தெரிந்த நமக்கு இது விளக்கமே தேவைப்படாத விஷயம். எல்லாரையும் 'கிராண்ட்மா' என்று கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு ஒரு வாரப் பாடம்.

முன்பின் தெரியாத இரண்டு ஹ்மோங் பேர் சந்தித்தால் முதல் கேள்விகளில் ஒன்று குலப்பெயர். யாங், வாங், ஷியோங், லீ, தாவ், மூஆ என்று சுமார் பதினெட்டுக் குலங்கள். ஒரே குலத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் மணம் கிடையாது. 'நீ எந்தக் குலம்?' என்று மிஷனரியைக் கேட்டால் பாவம், அவன் என்ன சொல்வான்?

வீட்டுக்குள் நுழையும்போது தெரிந்திருக்க வேண்டியவை?

காலணியைக் கழற்ற வேண்டும் என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் பச்சைத் தழை கட்டியிருந்தால் உள்ளே விலக்கு நடக்கிறது என்று பொருள், தட்டாமல் திரும்ப வேண்டும். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கைக்குழந்தையை 'எவ்வளவு அழகு!' என்று வாய்விட்டுப் புகழக் கூடாது, ஆவிகள் காதில் விழுந்துவிடும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. தலையைத் தொடுவதும் கூடாது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட வேண்டும். கடுகுக்கீரையோடு வேகவைத்த பன்றிக்கறி, பக்கத்தில் இடித்த மிளகாய்த் துவையல். அந்தத் துவையலைப் பார்த்து நெடியவன் கண்ணீர் விட்ட கதையைப் பாட்டி எனக்கு அபிநயத்தோடு காட்டினார்.

ஏற்கெனவே மதம் உள்ளவர்களிடம் போய் மதம் சொல்வது சரியா?

இதைக் கேட்காத தமிழரே இல்லை. என் பதில் முழு ஒப்புதலும் அல்ல, முழு மறுப்பும் அல்ல.

ஹ்மோங் மரபில் ஒரு உடலுக்குள் ஆன்மா பல. பயந்தாலோ விழுந்தாலோ ஒன்று வழிதவறிப் போகும், நோய் வரும். அதைத் திரும்ப அழைக்கும் சடங்கு 'ஹு ப்லி'. முட்டை, கோழி, ஊதுவத்தி வைத்து வாசலில் நின்று அழைப்பார்கள், மணிக்கட்டில் நூல் கட்டுவார்கள். பெரிய சிக்கல் என்றால் 'த்ஸி நெங்' என்ற பூசாரி ஆவிகளின் உலகுக்குப் பயணம் போவார். இறந்தவரை மூதாதையரிடம் வழிகாட்டி அனுப்புவது 'கெங்' என்ற மூங்கில் குழல் வாத்தியம். இறுதிச் சடங்கு நாள்கணக்கில் நடக்கும்.

ஒரு மகன் மதம் மாறினால் அப்பாவின் சாவுக்கு யார் அந்தச் சடங்கைச் செய்வது என்ற கேள்வி எழுகிறது. சொத்துச் சண்டையைவிட ஆழமான பிளவு அது. பத்தொன்பது வயதுப் பையன் ஒன்பது வாரப் பயிற்சியில் இதன் கனத்தை அறிய முடியாது என்பதே என் குறை. அதே நேரம், ஹ்மோங் மக்களில் கணிசமானோர் 1950களிலிருந்தே கிறிஸ்தவர்கள். அவர்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசுவதும் அவர்களுக்கு மூளை இல்லை என்று சொல்வதற்குச் சமம். எதிர்வீட்டுப் பாட்டி சோறும் போட்டார், நூலும் கட்டினார். ஊழியம் முடிந்து போகும்போது நெடியவன் மணிக்கட்டில் வெள்ளை நூல் இருந்தது.

நம் ஊருக்கு வந்த சீகன்பால்கு, போப் போன்றவர்களோடு இவர்களை ஒப்பிடலாமா?

வயதில் ஒப்பிடலாம். 1839இல் சென்னையில் இறங்கியபோது ஜி.யு. போப்புக்கு 19 வயது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குக்கு 24 நிறையும் தறுவாய், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். காலத்தில் ஒப்பிட முடியாது. போப் திருக்குறள் மொழிபெயர்ப்பை 1886இல் வெளியிட்டார், திருவாசகத்தை எண்பதாவது வயதில், 1900இல். இந்தப் பையன்களுக்குக் கிடைப்பது இரண்டே ஆண்டு.

செலவு யாருடையது? வீட்டோடு பேசலாமா?

மிஷனரியும் குடும்பமும்தான் செலவை ஏற்கிறார்கள். அமெரிக்கர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர். சம்பளம் கிடையாது. வீட்டோடு பேசுவது முன்பு ஆண்டுக்கு இரண்டு முறைதான், கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேச அனுமதி.

திரும்பிப் போன பிறகு மொழி நிலைக்குமா?

பயன்படுத்தினால் நிலைக்கும். சிலர் பள்ளியிலோ மருத்துவமனையிலோ மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் போகிறார்கள், சிலர் அதே மையத்தில் ஆசிரியராகிறார்கள். பலருக்கு ஐந்தாறு ஆண்டில் தொனி மங்கி, மனப்பாடம் செய்த முதல் பத்து வாக்கியம் மட்டும் மிஞ்சும் என்று நெடியவனே பயந்தான்.

எனக்கும் கற்க ஆசை. எங்கே தொடங்குவது?

மதம் தேவையில்லை, பாட்டி தேவை. ஹைம்பாக் என்ற மிஷனரி 1969இல் வெளியிட்ட வெள்ளை ஹ்மோங் அகராதி இன்னும் கைக்கு உதவும். ஏழு 'போ'வையும் காகிதத் துண்டு ஆடாமல் சொல்லிப் பழகுங்கள். செயின்ட் பால் பக்கம் போகும் வாய்ப்பு இருந்தால், ஹ்மோங் டவுன், ஹ்மோங் வில்லேஜ் என்று இரண்டு பெரிய உள்ளரங்கச் சந்தைகள் இருக்கின்றன. கீரைக் கடை அம்மாவிடம் ஹ்மோங் மொழியில் விலை கேளுங்கள். ஆங்கிலத்தில் பதில் வரும். நகராமல் நின்று மறுபடி கேளுங்கள். மூன்றாவது தடவை அவர் உங்கள் தொனியைத் திருத்துவார்.